வேரில்லாத செடியின் வரலாறு

சால்வினியாவுக்கு வேர் கிடையாது. தண்ணீருக்கு அடியில் பழுப்பாக, தாடி மாதிரித் தொங்குவதைப் பார்த்தால் வேர் என்றுதான் தோன்றும். ஆனால் அது இலை. கணுவுக்கு மூன்று இலை. இரண்டு பச்சையாக மேலே மிதக்கும். மூன்றாவது நூல்நூலாகப் பிரிந்து நீருக்குள் இறங்கி, வேர் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கும். பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. பெரணிக் கூட்டத்தில் பிறந்து, நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் மேலேயே குடித்தனம் நடத்தும் செடி.

என் வீட்டு இரண்டடி மீன்தொட்டியில் இது மூன்று வருடமாக இருக்கிறது. மீன் வளர்ப்பவர்களுக்கு மிதக்கும் பெரணியைப் பிடிக்கக் காரணம் நிறைய. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். நிழல் விழுவதால் பாசி குறையும். கப்பிக் குட்டிகள் அந்தத் தாடிக்குள் ஒளிந்துகொண்டு பெற்ற தாயின் வாயிலிருந்தே தப்பிக்கும். ஃபைட்டர் மீன் அதன் அடியில் நுரைக்கூடு கட்டும். மண் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம். இலை காற்றில் இருப்பதால் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டே விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஃபில்டர் தண்ணீர் இலைமேல் கொட்டி அதை அமுக்கக் கூடாது. மூடியில் கோர்க்கும் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் இலை அழுகிவிடும். ஏர் டியூபை வளையமாக்கி மிதக்கவிட்டு, அதற்குள் செடியைப் போட்டுவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்தது.

அப்புறம் வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி அள்ளி வெளியே போடணும். இல்லையென்றால் தொட்டி மூடிக்கொள்ளும், கீழே இருக்கும் செடிக்கு வெளிச்சம் போகாது.

இந்தக் கட்டுரை அந்தக் கைப்பிடியைப் பற்றியது. வெளியே என்றால் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இலங்கையும் கேரளமும் ஜாம்பேசி ஆறும் பப்புவா நியூ கினியும் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

*

முதலில் பெயர். அன்டோன் மரியா சால்வினி என்பவர் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். 1729-இல் இறந்தார். அதே ஆண்டு, அதே ஊர்க்காரரான பியெர் அன்டோனியோ மிக்கேலி வெளியிட்ட தாவரவியல் நூலில் இந்தப் பெரணி இனத்துக்கு அவர் பெயரை வைத்தார். ஐரோப்பியக் குளங்களில் மிதந்த ஒரு சாது இனம்தான் அப்போது அவர்கள் கண்முன் இருந்தது. கிரேக்கப் பேராசிரியரின் பெயர் பிற்பாடு எத்தனை நாடுகளில் வசைச்சொல்லாகும் என்று இருவருக்குமே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது கண்ணாடி. லண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்டு என்று ஒரு டாக்டர். செடிப் பைத்தியம். ஆனால் தொழிற்சாலைப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. 1829-இல், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு எப்படிப் பொரிகிறது என்று பார்க்க, அதை ஈர மண்ணோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே வளர மறுத்த பெரணி, மூடிய பாட்டிலுக்குள் தண்ணீர்கூட ஊற்றாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தது. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மறுபடியும் மண்ணுக்கே வந்தது, புகை உள்ளே வரவில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

1833-இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை உப்புக் காற்றும் நல்ல தண்ணீர்ப் பஞ்சமும் நடுக்கடலில் கொன்றுகொண்டிருந்த செடிகள், அதற்குப் பிறகு உலகம் முழுக்க இடம் மாற ஆரம்பித்தன. சீனத் தேயிலை இமயமலை அடிவாரத்துக்கு வந்தது, சின்கோனா நீலகிரிக்கு வந்தது, எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான். ஊட்டி தோட்டக்கலையின் கதையை எழுதுபவர்கள் வார்டு பெட்டியைத் தவிர்க்க முடியாது.

அந்தப் பெட்டியின் தம்பிதான் நம் மீன்தொட்டி. 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி ஒழிந்தது, கண்ணாடி மலிவானது. 1849-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீனையும் வேலிஸ்னேரியா செடியையும் போட்டார். அழுகும் இலை தண்ணீரைக் கெடுத்தது. நத்தையைக் கொண்டுவந்து விட்டதும் அது அழுகலைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்று அடுத்த ஆண்டு எழுதினார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தது. 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தோடு 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது. அதற்கு அடுத்த வருடம் சார்ல்ஸ் கிங்ஸ்லி, இங்கிலாந்துப் பெண்களைப் பிடித்து ஆட்டிய பெரணி மோகத்துக்கு ஒரு நோயின் பெயரைப் போல 'டெரிடோமேனியா' என்று பெயர் வைத்தார். பெரணியும் கண்ணாடித் தொட்டியும் அழகுப் பொருளாக வரவேற்பறைக்கு வந்தது ஏறக்குறைய ஒரே காலத்தில்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாரிங்டனின் தொட்டியில் நத்தை என்று ஒன்று தேவைப்பட்டது. தின்பவன் இல்லாமல் கணக்கு நேராகவில்லை. செடியைப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்தியவர்கள், அதைத் தின்பவனைக் கூடவே கொண்டுபோகவில்லை.

*

தாவரவியல் பட்டப்படிப்பு படித்தவர்களிடம் சால்வினியா என்று சொல்லிப் பாருங்கள். ஆண் வித்தும் பெண் வித்தும் தனித்தனி அளவில் உருவாகும் நீர்ப்பெரணி என்று பாடம் ஒப்பிப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் காட்டுவதற்குத் தோதான செடி. 1939-இல் கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை வழியாகத்தான் ஒரு தென்னமெரிக்க சால்வினியா இலங்கைக்குள் வந்தது. 1943-லேயே அந்நாட்டு வேளாண் இதழ் ஒன்று இதைப் புதிதாக வந்திருக்கும் நீர்க்களை என்று எழுதியது. 1950-களில் வயல்களும் கால்வாய்களும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதனிடம் சிக்கியிருந்தன. மருந்து தெளித்து அழிக்கும் முயற்சி நடந்தது. செடி ஒழியவில்லை.

1950-களின் நடுவில் திருவனந்தபுரத்தை ஒட்டிய வேளிக் காயலில் இதே செடியைக் கண்டார்கள். பத்து வருடத்துக்குள் குட்டநாட்டு நெல்வயலும் வள்ளம் போகும் தோடும் மூடத் தொடங்கின. மலையாளிகள் இதற்கு வைத்த பெயர் 'ஆப்பிரிக்கன் பாயல்'. பாயல் என்றால் நம் பாசி. பாசியும் இல்லை, ஆப்பிரிக்காவில் பிறந்ததும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரிந்துகொள்ள முடிகிறது. அந்த நாட்களில் உலகத்துச் செய்தித்தாள்கள் இந்தச் செடியைப் பற்றி எழுதியதெல்லாம் ஆப்பிரிக்காவில் ஓர் அணையை வைத்துத்தான்.

ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கட்டிய கரிபா அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டது. தண்ணீர் ஏற ஏற, அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த டோங்கா மக்கள் சுமார் 57,000 பேர் ஊரைவிட்டு மேட்டுக்கு நகர்த்தப்பட்டார்கள். மூழ்கிய காடும் புல்லும் அழுகி நீரில் சத்தாகக் கரைந்தன. 1959-இல் புது ஏரியின்மேல் இந்தச் செடி கண்ணில் பட்டது. 1962-இல் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர், ஏரியில் ஐந்தில் ஒரு பங்கு, பச்சைக் கம்பளம். படகு போகாது. கம்பளத்தின்மேல் வேறு புற்கள் முளைத்து, நிலம் மாதிரியே ஆகிவிட்ட இடங்களும் உண்டு. அழுகிய சத்து தீரத் தீர, அலையும் காற்றும் உடைக்க உடைக்க, பிற்பாடு அது தானாகவே பெருமளவு குறைந்தது. ஆனால் அதற்குள் உலகம் பயந்துவிட்டது. புதிதாக அணை கட்டும் எந்த வெப்பநாடும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போக வேண்டியிருந்தது.

*

இங்கேதான் ஒரு துப்பறியும் கதை ஆரம்பிக்கிறது. பூச்சியைக் கொண்டு களையை அடக்குவது அன்றைக்கே தெரிந்த உத்தி. செடியின் சொந்த ஊருக்குப் போய், அதைத் தின்னும் பூச்சியைப் பிடித்துவர வேண்டும். ஆனால் செடியின் சொந்த ஊர் எது? எல்லோரும் இதை சால்வினியா ஆரிகுலேட்டா என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இனம் தென்னமெரிக்காவிலும் கரீபியனிலும் பரவலாக இருந்ததால் 1960-களில் அங்கே போய்த் தேடினார்கள். கிடைத்த பூச்சிகளில் ஒரு சிறு கூன்வண்டும் இருந்தது. ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விட்டார்கள். வண்டு பிழைத்தது, ஆனால் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரிபாவில் இந்தச் செடியோடு மல்லுக்கட்டிய தாவரவியலாளர் டி.எஸ். மிட்செல், 1972-இல் இது ஆரிகுலேட்டாவே இல்லை, தனி இனம் என்று நிறுவினார். சால்வினியா மொலஸ்டா என்று பெயரிட்டார். மொலஸ்டா என்றால் லத்தீனில் தொல்லை தருவது. இதன் செல்களில் குரோமோசோம்கள் ஐந்து தொகுதிகளாக இருக்கின்றன, மொத்தம் 45. ஐந்து என்பது இரண்டாகச் சமமாகப் பிரியாத எண். அதனால் வித்து உருவானாலும் மலடு. பாடப்புத்தகம் எந்த வித்துக்காக இந்த இனத்தைப் பாடமாக வைத்ததோ, அந்த வித்தே இந்தச் செடிக்குப் பயனில்லை! உடைந்துதான் பெருகும். ஒரு கணு ஒடிந்து மிதந்தால் அது புதுச் செடி. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிக்கும். அப்படியென்றால் உலகத்தில் எங்கே மிதக்கும் மொலஸ்டாவும் ஏதோ ஒரு பழைய செடியிலிருந்து ஒடிந்த துண்டு. கடல் தாண்டிய துண்டுகளை எடுத்துப்போனது மனிதக் கைதான்.

சரியான பெயர் கிடைத்ததும் சரியான ஊரைத் தேட முடிந்தது. 1978-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் வெண்டி ஃபோர்னோவும் ஹார்லியும் தென்கிழக்குப் பிரேசிலில் மொலஸ்டா இயற்கையாக வாழும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அது தொல்லை தரவில்லை. மற்ற நீர்ச்செடிகளோடு ஒண்டிக்கொண்டு அடக்கமாக இருந்தது. அதன்மேல் இரண்டு மில்லிமீட்டர் நீளக் கூன்வண்டு ஒன்று இருந்தது. வளர்ந்த வண்டு குருத்தைத் தின்னும், புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். பார்க்க ஏற்கெனவே தோற்ற அந்தப் பழைய வண்டு மாதிரியே இருந்ததால், அதே இனம் என்றுதான் நினைத்தார்கள். 1980-இல் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா பக்கம் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அடுத்த வருடத்துக்குள் ஏரி தெளிந்துவிட்டது. அப்புறம்தான் சந்தேகம் வந்து நெருங்கிப் பார்த்தார்கள். வண்டும் வேறு இனம்! 1985-இல் அதற்கு சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயரிட்டார்கள். செடியையும் தப்பாகப் பெயரிட்டு, வண்டையும் தப்பாகப் பெயரிட்டு, இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது. வகைப்பாட்டியல் என்பது மியூசியத்தில் தூசு தட்டும் வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

*

பப்புவா நியூ கினியின் செபிக் ஆறு பற்றித் தனியாகச் சொல்லணும். அங்கே சாலை என்பதே ஆறுதான். மீன் பிடிப்பது, சேகோ மாவு எடுக்கப் போவது, சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே ஒற்றை மரத்தில் குடைந்த ஓடத்தில். 1970-களின் தொடக்கத்தில் இந்தப் பெரணி அங்கே வந்தது. சில ஆண்டுகளில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு மூடிப்போனது. அடர்ந்த பாயில் துடுப்பு இறங்காது. நடந்து போகவும் முடியாது, அமிழ்ந்துவிடும். வலை போட முடியவில்லை. நோயாளியை எடுத்துப்போக முடியவில்லை. சில ஊர்களையே மக்கள் விட்டுவிட்டுப் போனார்கள்.

1980-களின் தொடக்கத்தில் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். முதலில் பெருகவில்லை. காரணம் தேடிய பீட்டர் ரூமும் பீட்டர் தாமஸும் கண்டது விசித்திரமான ஒன்று. அந்தச் செடியில் நைட்ரஜன் குறைவு. சத்தில்லாத தீனி, வண்டுக்கு உடம்பில் ஒட்டவில்லை. அவர்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். அழிக்க வேண்டிய களைக்கு யூரியா போட்டார்கள். செடி செழித்தது, வண்டும் செழித்தது. வண்டு ஒரு கணக்குக்கு மேல் பெருகியதும் யூரியாவே தேவைப்படவில்லை. கடிபட்ட செடி விடும் புதுக் குருத்தில் நைட்ரஜன் தானாகக் கூடியது. வண்டு தனக்கு வேண்டிய தீனியைத் தானே தயார் செய்துகொண்டது. 1985 வாக்கில் 250 சதுர கிலோமீட்டர் என்பது இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. விட்டுப்போனவர்கள் திரும்பிவர ஆறு திறந்தது. அந்த ஆண்டு யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு இந்தக் குழுவுக்குப் போனது.

இந்தியாவுக்கும் வண்டு வந்தது. 1983-84-இல் பெங்களூரில் ஓர் அல்லிக்குளத்தில் முதலில் விட்டுப்பார்த்தார்கள். பதினோரு மாதத்தில் பெரணி சரிந்து, அதன் அடியில் அமுங்கிக்கிடந்த அல்லி மறுபடியும் எழுந்தது. ஆய்வறிக்கைகளில் நான் படித்த வரிகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். பிறகு கேரளம். குட்டநாட்டில் ஆளை வைத்து வாரி எறிந்த செலவு குறைந்தது, தோடுகள் திறந்தன. 1986-இல் இலங்கையிலும் விட்டார்கள், அங்கும் பெரும்பாலான இடங்களில் வென்றது. கொழும்பின் செடிக்கு அதன் வண்டு வந்துசேர 47 ஆண்டுகள்.

வண்டு செடியை முழுக்க ஒழிக்காது. ஒழித்தால் அதற்கே சோறு இல்லை. செடி கொஞ்சம், வண்டு கொஞ்சம் என்று ஒரு கணக்கில் நிற்கும். வாரிங்டன் நத்தையை விட்டுச் சரிசெய்த அதே கணக்கு.

*

இவ்வளவும் முடிந்த கதை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 1990-களில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் மொலஸ்டா தலைகாட்டியது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அங்கே விற்பதும் வளர்ப்பதும் குற்றம். இங்கே கொளத்தூர் பக்கம் போனால் கவரில் போட்டுக் கொடுப்பார்கள்.

ஒரு கடையில் கேட்டேன். "அண்ணே, இது மினிமாவா மொலஸ்டாவா?"

"சின்ன வெரைட்டி தம்பி. பெருசாகாது. பயப்படாம வாங்கிட்டுப் போங்க."

அவர் பொய் சொல்லவில்லை. தொட்டியில் அது பெரிசாகாதுதான். சால்வினியா மொலஸ்டா நெருக்கடிக்குத் தக்கபடி உருவத்தை மாற்றும். இடம் காலியாக இருந்தால் விரல்நகம் அளவு தட்டை இலை. கூட்டம் சேரச்சேர இலை பெருத்து, நடுவில் மடிந்து, ஒன்றை ஒன்று நெருக்கி நிமிர்ந்து நிற்கும். நாம் வாரவாரம் அள்ளிவிடுவதால் தொட்டியில் அது எப்போதும் குழந்தை முகத்தோடு இருக்கிறது. பெயர் மாறிப்போன குழப்பம் 1972-உடன் தீரவில்லை, கடைக் கவரில் இன்னும் தொடர்கிறது.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. போன் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். இலையின் மேல்பரப்பில் இருக்கும் முடிகளைப் பாருங்கள். மினிமாவில் ஒவ்வொரு காம்பிலும் நான்கு முடி தனித்தனியாக விரிந்திருக்கும். மொலஸ்டாவில் நான்கும் நுனியில் சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி மாதிரி இருக்கும். இந்தக் குட்டிக் கூண்டுகள்தான் காற்றைப் பிடித்துவைக்கின்றன. செடியை விரலால் தண்ணீருக்குள் அமுக்கினால் வெள்ளியாய் மின்னும். விட்டால் மேலே வந்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் நிற்கும். முடியின் உடம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, நுனி மட்டும் தண்ணீரைப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்றுப்படலம் நழுவாது. ஜெர்மனியில் பார்த்லாட் குழு 2010-இல் இதை விளக்கியது. கப்பல் அடிப்பாகத்தில் இப்படி ஒரு காற்றுப்படலம் பூச முடிந்தால் எரிபொருள் மிச்சமாகுமே என்று அதன் பின்னால் ஆராய்ச்சி போய்க்கொண்டிருக்கிறது.

என் தொட்டியில் இருப்பதை லென்ஸில் பார்த்தேன். நுனிகள் சேர்ந்திருந்தன.

அழகை வெறுக்க எனக்கு வரவில்லை. அதே நேரம் செபிக் ஆற்றைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கைப்பிடியை அலட்சியமாகப் பார்க்கவும் முடியவில்லை. சென்னையில் தெருவோர மழைநீர் வடிகால் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் சதுப்புக்கோ ஆற்றுக்கோ போகிறது. ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து வாரும் நகரத்துக்கு இன்னொன்று தேவையில்லை. அதனால் சில விதிகள் வைத்திருக்கிறேன். அள்ளிய செடியை மாடியில் செய்தித்தாள் விரித்து வெயிலில் போடுவேன். தொட்டால் நொறுங்கும்வரை காய்ந்த பிறகுதான் பூந்தொட்டி மண்ணில் சேரும். தண்ணீர் மாற்றும்போது வரும் அழுக்குத் தண்ணீர், வலை கழுவிய தண்ணீர் எல்லாம் செடிகளுக்கு; சாக்கடைக்கு இல்லை. ஒரு கணு போதும் என்பதால் வாளியின் விளிம்பைக்கூடத் துடைத்துவிடுவேன். தொட்டியை எடுப்பதாக இருந்தால் 'பாவம், உயிரோட இருக்கட்டும்' என்று ஏரியில் விடுகிற கருணைக்கு இந்தச் செடி விஷயத்தில் இடம் கிடையாது.

"கொஞ்சம் குடுங்களேன், என் தொட்டிக்கும் போடுறேன்" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இப்போது கொடுப்பதில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று குட்டநாட்டுக் கதையில் ஆரம்பித்துச் சொல்லத் தொடங்குவேன். பாதியில் அவர்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் சுருக்கமாக முடித்துக்கொள்வேன்: பிரேசிலில் இதுக்கு ஒரு வண்டு இருக்கு, நம்ம தொட்டியில இல்ல. அதனால அது செய்யுற வேலைய வாராவாரம் நாமதான் செய்யணும். ஒரு வாரம்கூட விடாமல் செய்ய முடியுமென்றால் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.